போனவர்கள் ஏன் பார்க்கவில்லை: குழந்தைப் பாதுகாப்புப் பணியாளர்களின் மனநலம்

வீட்டில் வதைபட்டு ஒரு குழந்தை இறந்துபோனது என்று செய்தி வந்தால், அடுத்த நாளே இன்னொரு செய்தியும் வரும். குழந்தைப் பாதுகாப்புத் துறையினர் அந்த வீட்டுக்கு ஏற்கெனவே பலமுறை போய் வந்திருக்கிறார்கள். உடனே எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். போனவர்கள் ஏன் பார்க்கவில்லை? நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு நாம் தேடும் விடை பெரும்பாலும் ஒரு பெயரோடு முடிந்துவிடுகிறது. இன்னார் கடமை தவறினார், இன்னாரைப் பணிநீக்கம் செய்தோம் என்று கோப்பை மூடிவிடுகிறோம். பயிற்சி பெற்ற, அக்கறையுள்ள ஒருவர், கண் முன்னால் இருக்கும் குழந்தையைப் பார்க்க முடியாமல் போகும் நிலை எப்படி உண்டாகிறது என்பது அப்படியே கிடக்கிறது.

ஹாரி ஃபெர்குசன் என்ற பிரிட்டிஷ் சமூகப்பணிப் பேராசிரியர் இதை நேரில் ஆராய்ந்தார். பணியாளர்களின் காரில் தானும் ஏறி, அவர்களோடு வீடுகளுக்குள் போய், அங்கே என்ன நடக்கிறது என்று கூடவே இருந்து கவனித்தார். 2017இல் அவர் வெளியிட்ட கட்டுரை, பெரும்பாலான பணியாளர்கள் குழந்தைகளிடம் நன்றாகவே பேசிப் பழகியதைப் பதிவு செய்கிறது. சில வீடுகளில் மட்டும் வேறு மாதிரி நடந்தது. குழந்தை அதே அறையில் இருந்தது. பணியாளரும் அங்கேதான் இருந்தார். ஆனாலும் குழந்தை அவர் கவனத்திலிருந்து மறைந்துபோனது. சோம்பலோ அலட்சியமோ அதற்குக் காரணமில்லை. கோபத்தில் கொதிக்கும் பெற்றோர், மூச்சு முட்டும் அறை, அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்ற பதற்றம், மனதில் ஏறிய பாரத்தை இறக்கிவைக்க இடமில்லாத அலுவலகம் ஆகிய எல்லாம் சேர்ந்து, தாங்கும் அளவைத் தாண்டும்போது மனம் தன்னைக் காத்துக்கொள்ள விலகிக்கொள்கிறது. உடல் அந்த அறையில் நிற்கும், கேள்விகளும் கேட்கப்படும், படிவமும் நிரப்பப்படும். பார்வை மட்டும் இருக்காது.

இந்தக் கட்டுரைக்கு அடிப்படை இந்த உண்மைதான். குழந்தைப் பாதுகாப்புப் பணியாளரின் மனநலம் குழந்தையின் பாதுகாப்போடு நேரடியாகப் பிணைந்திருக்கிறது. பணியாளருக்கு மனநல ஆதரவு தருவதை நிர்வாகம் காட்டும் கருணையாகவோ, நிதி மிஞ்சினால் செய்யும் சலுகையாகவோ நினைக்கும் வரை, பாதிக்கப்படுவது குழந்தைகள்.

ஒரு வீட்டுக்குள் போய் வருவது

வெளியில் இருப்பவர்களுக்கு இந்த வேலையின் பாரம் எளிதில் பிடிபடுவதில்லை. மருத்துவரைத் தேடி நோயாளி வருகிறார், வழக்கறிஞரைத் தேடி கட்சிக்காரர் வருகிறார். குழந்தைப் பாதுகாப்புப் பணியாளரை யாரும் தேடுவதில்லை. தன்னை விரும்பாத, தன்னைக் கண்டு அஞ்சும் ஒரு வீட்டின் கதவை அவர்தான் போய்த் தட்ட வேண்டும். உள்ளே யார் இருப்பார்கள், என்ன நிலையில் இருப்பார்கள் என்று தெரியாது. கதவு திறந்ததும், தாயிடம் பணிவாகப் பேசிக்கொண்டே, அறையின் மூலையில் உட்கார்ந்திருக்கும் ஆண் எழுந்து வரும் வேகத்தைக் கவனிக்க வேண்டும். சட்டையின் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொள்ளும் சிறுவனையும் கவனிக்க வேண்டும். அந்தச் சிறுவனைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னதும் அந்த அறையில் ஏற்படும் இறுக்கத்தைத் தாங்கிக்கொண்டு, தான் சொன்னதிலிருந்து பின்வாங்காமல் நிற்கவும் வேண்டும்.

வீட்டை விட்டு வெளியே வந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. குழந்தை சொன்னதை அதன் சொற்களிலேயே எழுத வேண்டும். பெரியவர்களின் மொழியில் மாற்றி எழுதினால் நீதிமன்றத்தில் அதன் மதிப்பு குறையும். ஆகவே எந்த இடத்தில், எதனால், எத்தனை முறை என்று அந்தப் பிஞ்சு வாய் சொன்னதை அப்படியே தட்டச்சு செய்கிறார். காயங்களின் படங்களைத் திறந்து, அளவையும் நிறத்தையும் குறிக்கிறார். எழுதி முடித்ததைத் திருத்தத்துக்காக மறுபடி படிக்கிறார். சில மாதங்கள் கழித்து நீதிமன்றத்துக்குப் போகும் முன் இன்னொரு முறை படிக்கிறார். பாதிக்கப்பட்ட குழந்தைக்கு நடந்தது, இந்தப் பணியாளரின் மனதில் இத்தனை முறை நடக்கிறது.

பிறகு வீட்டுக்குப் போய்த் தன் குழந்தையைக் குளிப்பாட்டும்போது, முதுகில் ஏதாவது தடம் இருக்கிறதா என்று கண் தானாகத் தேடுகிறது. பக்கத்து வீட்டு மாமா தூக்கிக் கொஞ்சினால் நெஞ்சு திக்கென்கிறது. யாரிடமும் குழந்தையை விட்டுப் போக மனம் ஒப்புவதில்லை. அமெரிக்க உளவியலாளர்கள் லிசா மெக்கான், லாரி ஆன் பேர்ல்மன் இருவரும் 1990இல் இந்த மாற்றத்தை விளக்கினார்கள். மற்றவர்களின் கொடிய அனுபவங்களைத் தொடர்ந்து கேட்பவரின் உலகப் பார்வையே மெல்ல மாறிவிடுகிறது என்றார்கள். பாதுகாப்பு, நம்பிக்கை, நெருக்கம் ஆகியவற்றைப் பற்றி ஒருவர் அதுவரை கொண்டிருந்த அடிப்படை எண்ணங்கள் ஆட்டம் காண்கின்றன. சிகிச்சையாளர்களை வைத்து அவர்கள் சொன்னது குழந்தைப் பாதுகாப்புப் பணியாளர்களுக்கு அச்சாகப் பொருந்துகிறது.

பெயர் ஒன்று, பாதிப்பு பல

அலுவலகங்களில் இவை எல்லாவற்றையும் 'ஸ்ட்ரெஸ்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். அங்கேதான் தவறான மருந்து தரப்படுவது தொடங்குகிறது. குறைந்தது மூன்று வகைப் பாதிப்புகளையாவது பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது பணிச்சோர்வு. ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் 1974இல் இதைப் பற்றி எழுதினார். கிறிஸ்டினா மாஸ்லாக் 1981இல் இதை அளக்கும் வினாநிரலை வெளியிட்டார். உணர்வு வற்றிப்போதல், தன்னிடம் வருபவர்களை மனிதர்களாக நினைக்காமல் எண்களாக நடத்தும் மரத்துப்போன மனநிலை, தன் உழைப்பால் எந்தப் பலனும் இல்லை என்ற எண்ணம் ஆகியவை இதன் மூன்று முகங்கள். உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் இதை நோயாகச் சேர்க்கவில்லை. வேலையோடு தொடர்புடைய நிலை என்றே வரையறுத்தது. 2019இல் ஏற்கப்பட்ட அந்த வகைப்பாடு சொல்லாமல் சொல்வது ஒன்று உண்டு: கோளாறு வேலை அமைந்திருக்கும் விதத்தில் இருக்கிறது, ஆகவே வேலையைத்தான் சரிசெய்ய வேண்டும். வழக்குகள் குறைந்தால், ஆள்கள் கூடினால், தன் முடிவுக்கு மதிப்பு இருந்தால் பணிச்சோர்வு தணியும்.

இரண்டாவது, இரண்டாம் நிலை அதிர்ச்சி அழுத்தம். சார்ல்ஸ் ஃபிக்லி 1990களில் இதை விரிவாக எழுதினார். தனக்கு நேராத ஒரு கொடுமை, தனக்கே நேர்ந்ததைப் போன்ற அறிகுறிகளைத் தருகிறது. கேட்ட காட்சி கனவில் வருகிறது. ஒரு குறிப்பிட்ட தெருவைச் சுற்றிக்கொண்டு போகத் தோன்றுகிறது. கதவு படீரென்று சாத்தினால் உடல் துள்ளுகிறது. இது வேலைப்பளுவால் மட்டும் வருவதில்லை. ஒரே ஒரு வழக்கு போதும். மனநோய்களை வகைப்படுத்தி அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 நூல், அதிர்ச்சிக்குப் பிந்தைய அழுத்தக் கோளாறுக்கான வரையறையில் ஒரு முக்கியமான வாசலைத் திறந்துவிட்டது. நேரில் பாதிக்கப்பட்டவர்கள், கண்ணால் கண்டவர்கள் ஆகியோரோடு, பணியின் காரணமாகக் கொடிய விவரங்களைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்பவர்களும் அந்த வரையறைக்குள் வந்தார்கள். அதற்கு அந்நூல் தரும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று, குழந்தை வதை பற்றிய விவரங்களைத் தொடர்ந்து கேட்க நேரும் காவல் அதிகாரிகள். அவர்களுக்குப் பொருந்துவது, அதே விவரங்களைக் கேட்டு எழுதும் சமூகப் பணியாளருக்கும் பொருந்தும். 'இதெல்லாம் இந்த வேலையில் சகஜம், பழகிவிடும்' என்று மூத்தவர்கள் சொல்வதுண்டு. அது ஒரு நோய்க்குறியைப் பழக்கம் என்று சொல்வதுதான். இதற்கு விடுமுறை மருந்தாகாது. அதிர்ச்சிக்கென்றே வகுக்கப்பட்ட உளச்சிகிச்சை தேவை.

மூன்றாவது பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறோம். மனசாட்சியில் படும் காயம். வியட்நாம் போரில் பங்கேற்ற படைவீரர்களுக்குச் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் ஜோனதன் ஷே 1990களில் இந்தக் கருத்தை முன்வைத்தார். தான் சரியென்று நம்புவதற்கு எதிராக நடக்க வேண்டி வரும்போது, அல்லது அப்படி நடப்பதைத் தடுக்க முடியாமல் நிற்கும்போது, மனதில் ஏற்படும் காயம் அது. பின்னாளில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் வெண்டி ஹைட்டும் அவருடைய குழுவினரும் குழந்தைப் பாதுகாப்புத் துறையில் இதை ஆராய்ந்தார்கள். இந்தக் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்திருக்கவே வேண்டாம், இரண்டு மாத வாடகைக்கு உதவியிருந்தால் போதும் என்று ஒரு பணியாளருக்குத் தெரிகிறது. வாடகைக்குக் கொடுக்கத் துறையிடம் நிதி கிடையாது, காப்பகத்துக்கு உண்டு. குழந்தையைக் காரில் ஏற்றிக்கொண்டு போகிறார். இன்னொரு வழக்கில், திருப்பி அனுப்பினால் ஆபத்து என்று எழுதிக் கொடுத்தும் கேளாமல் குழந்தை அதே வீட்டுக்கு அனுப்பப்படுகிறது. இப்படிப்பட்டவரிடம் மூச்சுப் பயிற்சி செய்யுங்கள் என்று சொல்வது அவரை அவமதிப்பதாகும். அவருக்குத் தேவை, 'நீங்கள் சொன்னது சரி, அமைப்பு தவறியது' என்று அதிகாரத்தில் இருக்கும் ஒருவர் ஒப்புக்கொண்டு, அடுத்த முறை அது நடக்காதபடி எதையாவது மாற்றுவது.

மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு உதவாது.

எவ்வளவு பரவலானது என்று அளந்த ஆய்வுகள் உண்டு. பிரையன் பிரைட் 2007இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கச் சமூகப் பணியாளர்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய அழுத்தக் கோளாறின் முக்கிய அறிகுறிகள் எல்லாம் இருந்தன. 70 சதவீதம் பேர் முந்தைய ஒரு வாரத்துக்குள் ஏதாவது ஓர் அறிகுறியையாவது உணர்ந்திருந்தார்கள். குழந்தைப் பாதுகாப்புப் பணியாளர்களை மட்டும் எடுத்துக்கொண்டு கொலராடோ மாநிலத்தில் நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. அதில் ஏறத்தாழ பாதிப் பேர் பிறர் துயரைச் சுமந்து களைத்துப்போகும் அபாயத்தின் உயர்ந்த நிலையில் இருந்தார்கள். அதே ஆய்வில் 70 சதவீதத்துக்கும் அதிகமானோர் இந்த வேலை தங்களுக்கு மிகுந்த மனநிறைவு தருவதாகவும் காட்டியிருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இவர்கள் வேலையை வெறுத்தவர்களல்லர். வேலையை நேசிப்பதாலேயே அதன் காயத்தைப் பொறுத்துக்கொண்டு, கேட்காமல், சொல்லாமல் நாளைக் கடத்துபவர்கள். 'அவர்தான் விரும்பிச் செய்கிறாரே' என்று நிர்வாகம் அசட்டையாக இருந்துவிடவும் அந்த நேசமே வசதி செய்து கொடுக்கிறது.

அச்சத்தைச் சொல்ல இடமில்லாதபோது

விக்டோரியா கிளிம்பி என்ற எட்டு வயதுச் சிறுமி 2000 பிப்ரவரியில் லண்டனில் இறந்தாள். உடலில் 128 காயங்களும் தழும்புகளும் இருந்தன. லார்ட் லேமிங் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2003 ஜனவரியில் வெளிவந்தது. காப்பாற்றியிருக்கக்கூடிய வாய்ப்புகள் பன்னிரண்டு முறையாவது தவறவிடப்பட்டன என்றது. அந்த விசாரணையில் தெரியவந்த ஒரு விவரம் என்னை விட்டு அகலவில்லை. விக்டோரியாவுக்குச் சொறிசிரங்கு இருப்பதாக முன்பு ஒரு மருத்துவமனையில் முடிவு செய்திருந்தார்கள். அது தங்களுக்கும் தொற்றிவிடுமோ என்ற பயத்தில் பணியாளரும் காவல் அதிகாரியும் அந்த வீட்டுக்குப் போகாமல் தவிர்த்தார்கள்.

இதைக் கேட்டால் கோபம் வருகிறது, வரத்தான் வேண்டும். ஆனால் கோபத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் யோசிக்க வேண்டும். தொற்று பற்றிய பயத்தை ஒரு மேற்பார்வையாளரிடம் சொல்லியிருந்தால் சில நிமிடங்களில் தீர்ந்திருக்கும். ஒரு மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டிருந்தால் போதும். அந்தப் பணியாளர் அனுபவம் குறைந்தவர். வகுத்த வரம்பை மீறி அவர் மேல் வழக்குகள் ஏற்றப்பட்டிருந்தன. அவருக்குக் கிடைத்த மேற்பார்வை சரியாக இல்லை என்பதையும் விசாரணை அம்பலப்படுத்தியது. வாய்விட்டுச் சொல்ல முடியாத பயம், 'இன்று வேண்டாம், நாளை போகலாம்' என்ற முடிவாக மாறுகிறது. கோப்பில் அது பயமாகப் பதிவாவதில்லை. வேறு ஏதோ அலுவல் காரணமாகப் பதிவாகிறது.

விக்டோரியா கடைசியாக வாழ்ந்த அதே லண்டன் பகுதியான ஹாரிங்கேயில், 2007 ஆகஸ்டில், பதினேழு மாதக் குழந்தை பீட்டர் கானலி வீட்டில் வதைபட்டு இறந்தான். 2008இல் தீர்ப்பு வந்ததும் ஒரு நாளிதழ் சமூகப் பணியாளர்களைப் பணிநீக்கம் செய்யக் கோரி நடத்திய கையெழுத்து இயக்கத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். துறையின் இயக்குநரைப் பதவி நீக்குவதாக அமைச்சர் தொலைக்காட்சியில் நேரலையாக அறிவித்தார். அந்த நீக்கம் நடந்த முறை சட்டப்படி செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தபோது, நாடு வேறு செய்திகளுக்குப் போய்விட்டிருந்தது.

அதன் விளைவு குழந்தைகளைத்தான் சென்று சேர்ந்தது. குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கோரி நீதிமன்றங்களுக்குப் போன மனுக்கள் இங்கிலாந்தில் வேகமாகக் கூடின. அவற்றில் பல தேவையானவையாக இருக்கலாம். ஆனால் தன் பெயர் நாளிதழில் வந்துவிடக் கூடாது என்ற அச்சத்தில் எடுக்கும் முடிவும், குழந்தைக்கு எது நல்லது என்று யோசித்து எடுக்கும் முடிவும் ஒன்றாக இருக்க முடியாது. பேராசிரியர் ஐலீன் மன்ரோ பிரிட்டிஷ் அரசின் வேண்டுகோளின்படி 2011இல் அளித்த அறிக்கை இதைத் தெளிவாகச் சொன்னது. ஒவ்வொரு மரணத்துக்குப் பின்னும் புதிய விதிகள், புதிய படிவங்கள், புதிய காலக்கெடுக்கள் சேர்ந்துகொண்டே போனதில், பணியாளர்கள் குழந்தையோடு செலவிட வேண்டிய நேரம் கணினித் திரையின் முன் கழிந்தது. விதியைப் பின்பற்றினோமா என்பதே கேள்வியாகிவிட்டது. குழந்தைக்கு நன்மை நடந்ததா என்பது பின்னுக்குப் போனது.

ஆள் மாறிக்கொண்டே இருப்பதன் விலையும் சின்னதல்ல. அமெரிக்கக் கூட்டரசின் தணிக்கை அலுவலகம் 2003இல் தந்த அறிக்கையின்படி, அந்நாட்டின் குழந்தை நலத் துறையில் ஆண்டுக்கு 30 முதல் 40 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள். சராசரிப் பணிக்காலம் இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு. மில்வாக்கி மாவட்டத்தில் 2003, 2004 ஆண்டுகளில் அரசுப் பராமரிப்புக்குள் வந்த குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஒரே பணியாளர் கடைசிவரை கவனித்துக்கொண்ட குழந்தைகளில் 74.5 சதவீதம் பேருக்கு நிலையான குடும்பம் கிடைத்தது. ஒருமுறை ஆள் மாறி, இரண்டு பணியாளர்கள் கவனித்த குழந்தைகளில் அது 17.5 சதவீதம். இதில் எச்சரிக்கையும் வேண்டும். சிக்கலான வழக்குகள் நீண்டகாலம் இழுக்கும், இழுக்கும் வழக்குகளில் ஆள் மாறுவது இயல்பு. ஆகவே முழு வேறுபாடும் ஆள் மாற்றத்தால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஒருவரிடம் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்த குழந்தை, புதிதாக வந்தவரிடம் அதை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருப்பது எப்படிப்பட்டது என்று புரிந்துகொள்ளப் புள்ளிவிவரம் தேவையில்லை.

கைகொடுக்காத உதவிகள்

கொடுமையான சம்பவம் நடந்ததும், எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, நடந்ததை விவரமாகச் சொல்லவைத்து, ஒரே அமர்வில் மனச்சுமையை இறக்கிவிடும் முறை 1980களிலிருந்து பரவியது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2002இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, இப்படி ஒற்றை அமர்வில் பேசவைப்பது பிற்பாடு வரும் அதிர்ச்சிக் கோளாறைத் தடுப்பதாகச் சான்றில்லை என்றது. சிலருக்கு அது கெடுதலாகவும் முடியக்கூடும் என்ற ஐயத்தையும் எழுப்பியது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நெறிகள் இதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்கின்றன. பேச விரும்புபவர் பேசட்டும், விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம். அன்று உடனே தேவைப்படுவது எளிய விஷயங்கள்தாம்: தனியே வீட்டுக்கு அனுப்பாமல் யாராவது கூடப் போவது, மறுநாள் காலை நீதிமன்ற வேலையை வேறொருவர் எடுத்துக்கொள்வது, அடுத்த சில வாரங்களுக்குத் தொடர்ந்து விசாரிப்பது.

அடுத்தது, சுவரில் ஒட்டிய ஆலோசனைகள். நன்றாகத் தூங்குங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள், இசை கேளுங்கள். ஒவ்வொன்றும் நல்லதுதான். ஆனால் செய்ய முடிந்த அளவைவிட இரண்டு மடங்கு வழக்குகளைத் தந்துவிட்டு, உன் மனதை நீயே பார்த்துக்கொள் என்று சொல்லும்போது, அந்த நல்ல ஆலோசனை பழிச்சொல்லாக மாறுகிறது. மனம் உடைந்தால், சரியாகத் தூங்காத நீதான் காரணம் என்றாகிவிடும். அமெரிக்கக் குழந்தை நலக் கூட்டமைப்பின் நெறிகள், ஆரம்ப விசாரணை செய்யும் ஒருவரிடம் மாதத்துக்கு 12 வழக்குகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்கின்றன. ஒரு துறை தன் பணியாளர்களின் மனநலத்தில் அக்கறை கொண்டிருக்கிறதா என்று அறிய, முதலில் அதன் வழக்கு எண்ணிக்கையைத்தான் கேட்க வேண்டும். யோகா வகுப்பு நடக்கிறதா என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது, தொலைபேசி எண். பல துறைகள் ஒரு ஆலோசனை நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, எண்ணை அடையாள அட்டையின் பின்னால் அச்சிட்டுத் தந்துவிடுகின்றன. அழைப்பவர்கள் குறைவு. காரணம் எளிது. அழைத்தது மேலதிகாரிக்குத் தெரியுமோ, நாளைக்கு ஒரு வழக்கில் தன் தீர்மானத்தைக் கேள்வி கேட்க எதிர்த்தரப்பு இதைப் பயன்படுத்துமோ, பதவி உயர்வின்போது 'இவர் மனம் பலவீனமானவர்' என்று எழுதுவார்களோ என்ற அச்சம். மற்றவர்களின் குடும்பங்களைப் பற்றி எழுதும் கோப்புகள் எப்படிக் கைமாறுகின்றன என்று தினமும் பார்ப்பவர்கள் இவர்கள். தங்கள் கோப்பு மட்டும் ரகசியமாக இருக்கும் என்று எப்படி நம்புவார்கள்? மறுமுனையில் பேசும் ஆலோசகருக்கு இந்தத் துறை தெரிந்திருக்க வேண்டும் என்பதும் முக்கியம். வழக்கின் விவரத்தைக் கேட்டு ஆலோசகரே அதிர்ந்துபோனால், அவரைத் தேற்றும் வேலையும் பணியாளர் தலையில் விழுகிறது.

மேற்பார்வை என்ற ஒரு மணி நேரம்

இந்தத் துறையில் மிக முக்கியமான மனநல ஆதரவு எது என்று என்னைக் கேட்டால், தயங்காமல் மேற்பார்வைச் சந்திப்பு என்பேன். உளச்சிகிச்சைக்கு எல்லோரும் போக மாட்டார்கள். மேற்பார்வையாளரிடம் எல்லோரும் போயே ஆக வேண்டும். ஆல்ஃப்ரெட் கடூஷின் 1976இல் சமூகப்பணி மேற்பார்வைக்கு மூன்று பொறுப்புகளை வகுத்தார். நிர்வாகம், கற்பித்தல், ஆதரவு. நடைமுறையில் முதலாவது மற்ற இரண்டையும் விழுங்கிவிடுகிறது. எந்த அறிக்கை தாமதம், எந்த வீட்டுக்கு இந்த மாதம் போகவில்லை, நீதிமன்றத் தேதி எப்போது என்று பட்டியலைச் சரிபார்ப்பதிலேயே நேரம் போய்விடுகிறது. கடைசியில், எழுந்திருக்கும்போது, 'நீங்கள் நன்றாகத்தானே இருக்கிறீர்கள்?' என்று ஒரு கேள்வி. ஆமாம் என்பதைத் தவிர வேறு பதிலுக்கு அந்தக் கேள்வியில் இடமே இல்லை.

நல்ல மேற்பார்வை வேறு விதமாகத் தொடங்கும். ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு, அங்கே நடந்ததை மெதுவாகச் சொல்லச் சொல்லும். கதவைத் தட்டும் முன் உங்களுக்கு எப்படி இருந்தது? அந்த வீட்டில் யாரைப் பார்க்க விருப்பமில்லாமல் இருந்தது? எந்தக் கேள்வியைக் கேட்க நினைத்துக் கேட்காமல் வந்துவிட்டீர்கள்? குழந்தை என்ன உடை போட்டிருந்தது, எங்கே உட்கார்ந்திருந்தது? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் வராமல் பணியாளர் திகைத்து நின்றால், அது குற்றச்சாட்டுக்குரிய நேரமில்லை. மனம் விலகிக்கொண்ட இடம் எது என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த முறை இன்னொருவரும் உடன் போகலாம், பெற்றோரைப் பள்ளியிலோ அலுவலகத்திலோ தனியாகச் சந்திக்கலாம், குழந்தையை முதலில் பார்க்கலாம். பணியாளரின் மனதைக் கவனித்த அதே கேள்விகள் குழந்தையின் பாதுகாப்பையும் கவனித்துவிட்டன. இரண்டையும் தனித்தனி அறைகளில், தனித்தனி ஆள்களிடம் ஒப்படைக்க வேண்டியதில்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

இப்படிக் கேட்பதற்கு மேற்பார்வையாளருக்கும் பயிற்சி வேண்டும், தெம்பும் வேண்டும். பத்துப் பேரின் துயரத்தைக் கேட்கும் அவர் யாரிடம் போய்ச் சொல்வார் என்று யாரும் கேட்பதில்லை. மேற்பார்வையாளருக்கும் மேற்பார்வை இல்லாத இடத்தில், அவரும் பட்டியலுக்குள் ஒளிந்துகொள்வார். அது அவர் தன்னைத் தற்காத்துக்கொள்ளும் வழி.

தனி ஆளாகச் சுமக்காமல் குழுவாகச் சுமப்பதற்கும் வழிகள் கண்டிருக்கிறார்கள். லண்டனின் ஹாக்னி பகுதியில் 2000களின் இறுதியில், ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு பணியாளரின் பெயரில் எழுதாமல் ஒரு சிறு குழுவின் பொறுப்பில் விட்டார்கள். குழுவில் மூத்த சமூகப் பணியாளர், இன்னொரு சமூகப் பணியாளர், குழந்தைகளோடு நேரடியாகப் பணிபுரிபவர், உளச்சிகிச்சையாளர், அலுவல் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பாளர் ஆகியோர் இருந்தார்கள். வாரந்தோறும் கூடி ஒவ்வொரு குடும்பத்தைப் பற்றியும் பேசினார்கள். ஒருவர் விடுப்பில் போனால் குடும்பத்தை அறிந்த இன்னொருவர் இருந்தார். 2010இல் வெளியான மதிப்பீடு, உடல்நலக் குறைவால் எடுக்கும் விடுப்பு நாள்கள் பாதிக்கு மேல் குறைந்ததாகச் சொன்னது. நியூயார்க் நகரக் குழந்தைகள் சேவைத் துறை நியூயார்க் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கென்று ஒரு குழுப் பயிற்சியை உருவாக்கியது. அதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், மேற்பார்வையாளர்களும் மேலாளர்களும் அதில் பங்கேற்க வேண்டும் என்பது. கீழே இருப்பவர் மட்டும் மனத்திடம் கற்றுக்கொண்டு வந்து, எதுவும் மாறாத அலுவலகத்தில் அதைச் செலவழித்துத் தீர்க்க வேண்டிய நிலை அங்கே இல்லை.

மருத்துவமனைகளில் தொடங்கிய ஷ்வார்ட்ஸ் சந்திப்புகளையும் இங்கிலாந்தின் குழந்தைகள் சேவைத் துறைகள் சில நடத்திப் பார்த்தன. மாதம் ஒருமுறை, ஒரு மணி நேரம். மூன்று நான்கு பேர் தங்கள் வேலையில் மனதைத் தொட்ட, அல்லது உலுக்கிய அனுபவம் ஒன்றைச் சொல்வார்கள். மற்றவர்கள் தங்களுக்குத் தோன்றுவதைப் பகிர்வார்கள். யாரும் தீர்வு சொல்லக் கூடாது என்பது விதி. துறையின் தலைவரே முன்னால் வந்து உட்கார்ந்து, தன்னைத் தூங்கவிடாத ஒரு வழக்கைப் பற்றிப் பேசும்போது, புதிதாக வந்தவருக்கு இங்கே பேசலாம் என்ற துணிவு வருகிறது.

எப்போது சிகிச்சைக்குப் போக வேண்டும் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு கடினமான வழக்குக்குப் பின் சில நாள் தூக்கம் கெடுவது இயல்பு. ஒரு மாதம் கடந்தும் அதே காட்சிகள் வந்துகொண்டிருந்தால், சில வீடுகளையோ சில வகை வழக்குகளையோ காரணம் தேடித் தவிர்க்கத் தொடங்கினால், எதைக் கேட்டாலும் மனம் அசையாமல் மரத்துப்போனால், மது அருந்தும் அளவு கூடினால், வாழ்வதில் அர்த்தமில்லை என்று தோன்றினால், காத்திருக்கக் கூடாது. தற்கொலை எண்ணம் என்றால் அன்றைக்கே உதவி தேட வேண்டும். அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும், ஈஎம்டிஆர் எனப்படும் கண் அசைவுச் சிகிச்சையும் நல்ல சான்றுகள் உள்ளவை. பணியில் நேர்ந்த காயம் என்பதால், விடுப்பும் செலவும் துறையின் பொறுப்பாக இருக்க வேண்டும். கட்டடத்திலிருந்து விழுந்த தொழிலாளியிடம் சிகிச்சைச் செலவை நீயே பார்த்துக்கொள் என்று சொல்ல மாட்டோம்.

இவ்வளவும் பேசும்போது நம் மனதில் சமூகப் பணியாளர் மட்டுமே இருக்கிறார். பட்டியல் அதைவிட நீளமானது. புகார் அழைப்புகளை ஏற்பவர் தழுதழுக்கும் குரலை மட்டும் கேட்டு, பிறகு அந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று எப்போதுமே அறியாமல் அடுத்த அழைப்பை எடுக்கிறார். அறிக்கைகளைத் தட்டச்சு செய்பவர், காப்பகத்தில் இரவுப் பணியில் இருப்பவர், குழந்தையை வேறு இடத்துக்குக் கொண்டுபோகும் கார் ஓட்டுநர், வளர்ப்புப் பெற்றோர் ஆகியோர் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மொழிபெயர்ப்பாளரின் நிலைமை தனி. குழந்தை சொல்வதை அவர் தன்மையில், 'நான்', 'என்னை' என்றே சொல்ல வேண்டும். அந்தக் குழந்தைக்கு நேர்ந்ததெல்லாம் அவர் வாயிலிருந்து அவருக்கே நேர்ந்ததாக வெளிவருகிறது. அமர்வு முடிந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவிடுகிறோம். நாள் ஒப்பந்தத்தில் வருபவர் என்பதால் மேற்பார்வைச் சந்திப்பும் கிடையாது, ஆலோசனை எண்ணும் கிடையாது. ஒரு துறை மனநல ஆதரவுத் திட்டம் வகுக்க உட்காரும்போது, சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாத இவர்களையும் அதில் எழுதிக்கொள்ள வேண்டும். அமர்வுக்கு முன் ஐந்து நிமிடம் என்ன கேட்க நேரும் என்று சொல்லி, முடிந்தபின் பதினைந்து நிமிடம் உடன் உட்காருவதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. நாளைய அமர்விலிருந்தே தொடங்கலாம்.